ஃபாஸ்ட் வந்த வழி

நெமிலிச்சேரியில் எக்ஸ்பிரஸ் எதுவும் நிற்பதில்லை. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கும் சின்ன நிலையம் அது. கோவைக்கும் பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் வண்டிகள் இங்கே ஹாரனை நீட்டி அடித்துக்கொண்டு கடந்துபோகும். தண்டவாளத்தில் முதலில் ஒரு கிணுகிணுப்பு கேட்கும். மேடை ஓரத்தில் நின்றவர்கள் பின்னால் ஒதுங்குவார்கள். வண்டி கிளப்பும் காற்று பழைய டிக்கெட்டுகளையும் வேர்க்கடலைப் பொட்டலத் தாள்களையும் சுழற்றிக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சில விநாடிகளில் மேடையில் விழும் சொற்களைக் கேட்க வேண்டும். “மெயிலா, எக்ஸ்பிரஸா?” “என்னா ஸ்பீடு பாரு!” “சூப்பர் ஃபாஸ்ட்டுடா அது.” அத்தனையும் கடல் தாண்டி வந்த சொற்கள். ஒன்றுகூட வேகத்தைச் சொல்லப் பிறந்ததில்லை. வேறு வேறு வேலைக்குப் பிறந்து, வழியில் வேகத்தின் பக்கம் திரும்பியவை. அவற்றில் நெடுந்தூரம் வந்தது ஃபாஸ்ட். அதன் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அது பிறந்தபோது அதற்கு அசையாதது என்று பொருள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஃபாஸ்ட்டுக்கும் ஃபெஸ்ட்டுக்கும் இடைப்பட்ட ஓர் உச்சரிப்பில் அது புழங்கியது. ஆழ ஊன்றிய கம்பம், தாழ்ப்பாள் போட்ட கதவு, பாறையில் கட்டிய மதில், சொன்ன சொல் தவறாத மனிதன் எல்லாமே ஃபாஸ்ட். ஜெர்மானிய மொழிகளில் அதன் பங்காளிகள் இன்றும் அந்தப் பொருளிலேயே இருக்கிறார்கள். ஜெர்மனில் ‘ஃபெஸ்ட்’ என்றால் உறுதியானது. டச்சு மொழியின் ‘வாஸ்ட்’டும் அப்படித்தான். ஆங்கிலத்திலேயே கட்டி இறுக்குவதற்கு ‘ஃபாஸன்’ என்கிறார்கள். அடித்து எழுப்பினாலும் எழாத உறக்கத்தை ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்கிறார்கள். அசையாமல் கிடப்பதற்குப் பெயராக இருந்த சொல் ஓடுவதற்குப் பெயரானது எப்படி?

விடை அந்தச் சொல்லின் வினையடை வடிவத்தில் இருக்கிறது. கயிற்றை ஃபாஸ்ட்டாகப் பிடி என்றால் இறுக்கிப் பிடி. ஃபாஸ்ட்டாகச் சண்டை போட்டான் என்றால் விட்டுக்கொடுக்காமல், முழு வலுவோடு போட்டான். அந்த வரிசையில் ஃபாஸ்ட்டாக ஓடினான் என்பதும் வந்தது. முதலில் அதற்குத் தளராமல் ஓடினான் என்றுதான் பொருள். எதிரியின் முதுகை ஒட்டி, இடைவெளி விடாமல் துரத்துவதற்கும் அதையே சொன்னார்கள். தளராமல், ஒட்டியே ஓடுகிறவன் வேகமாகத்தானே ஓடியாக வேண்டும்? 13ஆம் நூற்றாண்டை ஒட்டி, ஓட்டத்தோடு சேர்ந்து வரும்போது அந்தச் சொல்லில் வேகம் குடியேறிவிட்டது. ‘ஃபாஸ்ட் குதிரை’ என்று பெயரடையாகச் சொல்லும் வழக்கம் வர 16ஆம் நூற்றாண்டு ஆனது. பழைய பொருளை யாரும் வெளியேற்றவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

அந்தப் பழைய குடித்தனக்காரரை நம் ஊரிலேயே பார்க்கலாம். ஆவடி கடைத்தெருவில் புடவை எடுக்கப் போனால் விற்பனையாளர் முந்தானையை விரித்துக் காட்டி “ஃபாஸ்ட் கலருக்கா, எத்தனை தடவ தோச்சாலும் சாயம் போகாது” என்பார். அந்த ஃபாஸ்ட்டுக்கும் ரயிலுக்கும் சம்பந்தமே இல்லை. துணியை விட்டு அசையாத நிறம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பொருள், அப்படியே. சென்னைக்கு இதில் ஒரு வரலாறும் உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணி, சலவையில் சாயம் விட்டது. முதலில் வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். பிறகு விளம்பரக்காரர்கள் அதையே பெருமையாக்கி, சாயம் விடுவது நிச்சயம் என்றே விற்றார்கள். ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் அந்தத் துணி அங்கே பெரும் மோகமானது. ஃபாஸ்ட்டாக இல்லாததாலேயே பேர் வாங்கிய துணி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இன்னோர் இடம் மருத்துவமனை. சளிப் பரிசோதனைச் சீட்டில் ‘ஏ.எஃப்.பி.’ என்று மூன்று எழுத்து இருக்கும். காசநோய்க் கிருமியைத் தேடுகிற சோதனை அது. ‘ஆசிட் ஃபாஸ்ட் பேசில்லை’ என்பதன் சுருக்கம். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அதன்மேல் அமிலம் ஊற்றிக் கழுவுவார்கள். மற்றவை பெரும்பாலும் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி விடாது, நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். அமிலம் கழுவியும் பிடியை விடாதது என்பதால் அதற்கு ஃபாஸ்ட். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, நோய் வேகமாகப் பரவுகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கலங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் ஒதுக்கி இதை விளக்கிச் சொன்னால் நல்லது.

விரதமும் இந்தப் பழைய பொருளிலிருந்து வந்ததுதான். சாப்பிடுவதில்லை என்ற உறுதியைப் பிடித்துக்கொள்வது ஃபாஸ்ட். 1952இல் மெட்ராஸில் ஆந்திர மாநிலம் கேட்டு 58 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலு செய்ததை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். இரவு முழுதும் வெறும் வயிறாக இருந்து காலையில் அதை முறித்துக்கொள்வது பிரேக்ஃபாஸ்ட். ஆக, நம் ஸ்டேஷன் சாலைகளில் மாலையானதும் ‘ஃபாஸ்ட் ஃபுட்’ என்று சிவப்புப் பலகை மாட்டிக்கொண்டு எரியும் தள்ளுவண்டியில் பழைய ஆங்கிலமும் புதிய ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உண்ணாமை என்றும் உணவு என்றும் எதிரெதிராகப் பொருள் தரக்கூடிய இரண்டு சொற்களை ஒட்டவைத்து ஒரு பெயர். அடுப்பு உறுமுகிறது, மாஸ்டர் வாணலியைத் தூக்கி ஆட்டி நூடுல்ஸை மேலே எறிந்து பிடிக்கிறார். சாப்பிட வந்தவர்கள் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

இப்படி உறுதியிலிருந்து விரைவுக்குத் தாவியது ஆங்கிலத்தின் தனி விசித்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழும் அதே பாதையில் நடந்திருக்கிறது, அதுவும் வெகு காலத்துக்கு முன்பே. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லப்படுகிறது. கூர்மை, புதுமை, அச்சம் என்று போகும் அந்தப் பட்டியலில் காப்பும் இருக்கிறது, விரைவும் இருக்கிறது. கடிநகர் என்றால் காவலுள்ள நகரம். கடிது போனான் என்றால் விரைந்து போனான். தாழிட்டுக் காப்பதற்கும் பறந்து போவதற்கும் ஒரே சொல். ஃபாஸ்ட் சுமப்பதும் இதே இரட்டைப் பாரம்தான். ‘கடு’ என்ற அடியும் அப்படி: கடுமை இறுக்கத்தையும் சொல்லும், வேகத்தையும் சொல்லும், கடுகி வந்தான் என்றால் விரைந்து வந்தான். வலிமையைச் சொல்லும் ‘வல்’லிலும் இந்த உறவு தெரிகிறது, பழைய பாடல்களில் ‘வல்லே’ என்றால் உடனே, விரைவாக. இரண்டு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கவில்லை. வலுவைப் பார்த்த மனிதக் கண் அதற்குள்ளேயே வேகத்தையும் பார்த்திருக்கிறது.

அந்தக் கண் இன்னும் மாறவில்லை. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தவர் “கொஞ்சம் முறுக்குப்பா” என்கிறார். கார்க்காரர் “ஒரே அழுத்து அழுத்தினேன், பூந்தமல்லி வந்துருச்சு” என்கிறார். லாரி டிரைவருக்கு அது ‘மிதி’. முறுக்கு, அழுத்து, மிதி மூன்றும் கை கால் வலுவின் சொற்கள். நாளைக்கு ஒரு அகராதிக்காரர் இவற்றுக்கு நேராக ‘விரைந்து செல்’ என்று எழுதினால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

ஃபாஸ்ட்டோடு சேர்ந்து இங்கே வந்து இறங்கிய மற்றவர்களையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். ஸ்பீட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வெற்றி, செழிப்பு, நல்ல பலன் என்று பொருள். பயணம் கிளம்புகிறவரை ‘காட் ஸ்பீட்’ என்று வாழ்த்துவது, கடவுள் உன்னை வேகமாக ஓட்டட்டும் என்பதற்காக இல்லை. போன காரியம் கைகூடட்டும் என்பதற்காக. அவசரம் கூடினால் ஸ்பீட் குறையும் என்ற அவர்களுடைய பழமொழியும் முதலில் இந்தப் பொருளில் எழுந்ததுதான். பதறினால் காரியம் கெடும் என்பதே அதன் சாரம். இந்தப் பொருளை ஆங்கிலம் கைவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நல்லபடியாகப் போய்ச் சேர்வதும் சீக்கிரம் போய்ச் சேர்வதும் ஒரே சொல்லுக்குள் இருந்தது பெரிய விஷயம்.

குவிக் என்றால் உயிருள்ளது. பாதரசத்தை ‘குவிக்சில்வர்’ என்றது அது உயிருள்ள வெள்ளிபோல் உருண்டோடியதால். நகத்துக்கு அடியில் வெட்டினால் வலிக்கிற சதையும் குவிக். இதன் சொந்தக்காரர் ஒருவர் நமக்கு மிகவும் பழக்கமானவர். இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தின் குவிக்கும் சமஸ்கிருதத்தின் ஜீவனும் கிளைத்திருக்கின்றன. “ஜீவனே இல்ல” என்று களைத்துச் சொல்வதும் “குவிக்கா வா” என்று கூப்பிடுவதும் ஒரு கொடிக்காய்கள்.

வேகமும் சமஸ்கிருதத்திலிருந்து வந்ததுதான். அங்கே அதற்குத் துடிப்பு, உந்துதல், வெள்ளத்தின் பாய்ச்சல் என்றெல்லாம் பொருள். சித்த மருத்துவத்தில் அந்தப் பொருள் கெடாமல் இருக்கிறது. உடம்பின் வேகங்கள் பதினான்கு என்பார்கள்: தும்மல், கொட்டாவி, பசி, தாகம், இருமல், உறக்கம், கண்ணீர் இப்படி. அடக்கினால் நோய் வரும். பள்ளிக்கூடத்து இயற்பியலில் அதே வேகம் தூரத்தை நேரத்தால் வகுத்த எண்ணாகிவிட்டது. திசையையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம். திருவள்ளூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. அவர்களுக்கு ‘தொந்தர’ என்றால் அவசரம். தமிழ் பேசும் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்றால் இடைஞ்சல். சென்னைப் பேச்சின் ‘சல்தி’ உருதுவின் ஜல்தி. இத்தனை வகைச் சரக்கு ஏற்கெனவே குவிந்திருந்த சந்தைக்குத்தான் ஃபாஸ்ட் வந்து சேர்ந்தது.

அதை இங்கே கொண்டுவந்தது இரும்புப் பாதை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பயணிகள் வண்டி விட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை அது. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போன அந்தத் தடம் நெமிலிச்சேரி மண்ணின்மேல்தான் கிடக்கிறது. மாட்டு வண்டியின் நடையும் தபால் ஓட்டக்காரரின் ஓட்டமும் வேகத்துக்கு அளவாக இருந்த ஊர்களின் வழியே அது போனது.

அந்த வண்டிகளோடு மெயிலும் எக்ஸ்பிரஸும் வந்தன. மெயில் என்றால் பை. பழைய பிரெஞ்சில் தோலில் செய்த பயண மூட்டைக்குப் பெயர். கடிதப் பை மெயில் ஆயிற்று, பையைச் சுமந்த கோச்சு வண்டி மெயில் ஆயிற்று. 1784இல் ஜான் பாமர் என்பவர் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தபாலைக் கோச்சு வண்டியில் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். வழியில் அநாவசியமாக நிற்கக் கூடாது, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், காவலாளி கையில் பூட்டிய பெட்டிக்குள் கடிகாரம். வேகத்துக்கு மணிக்கணக்கு கறாராக ஏறியது இப்படிப்பட்ட வண்டிகளில்தான். எக்ஸ்பிரஸ் லத்தீனில் அழுத்திப் பிழிந்து எடுத்ததைக் குறித்தது. பிறகு ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகச் சொன்னது. பிறகு ஒரு காரியத்துக்கென்றே அனுப்பிய ஆள். அந்த ஆளைப்போலவே ஓர் ஊருக்கென்றே விட்ட தனி வண்டி எக்ஸ்பிரஸ் டிரெயின். நடுவில் நிற்காததால் சீக்கிரம் போனது. சீக்கிரம் போனதால் பொருள் மாறியது. மெட்ராஸில் இரண்டுமே பத்திரிகைப் பெயர்களாகவும் ஆயின: 1868இல் மெட்ராஸ் மெயில், 1932இல் வரதராஜுலு நாயுடு தொடங்கிய இந்தியன் எக்ஸ்பிரஸ்.

ரயிலுக்குத் தேவைப்பட்டது ஒரே கடிகாரம். அதைக் கொடுத்ததும் மெட்ராஸ்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்து மணி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நேரத்தை நாட்டின் ரயில்வேக்கள் பொதுவாக எடுத்துக்கொண்டன. பிறகு இந்திய நேரம் நடைமுறைக்கு வரும்வரை அட்டவணைகள் மெட்ராஸ் நேரத்தில் இயங்கின. அந்த மாற்றத்தில் மெட்ராஸ் கடிகாரங்கள் 9 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னே தள்ளப்பட்டன. கடிகாரமே ஃபாஸ்ட் என்று சொல்லக்கூடிய காலம் பிறந்துவிட்டது.

பிறகு அரசாங்கம் அந்தச் சொல்லுக்கு ஓர் எண்ணைக் கட்டியது. அகலப் பாதையில் போகவும் வரவும் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடினால் அது சூப்பர் ஃபாஸ்ட். டிக்கெட்டில் அதற்குத் தனிக் கட்டணம். 12, 22 என்று தொடங்கும் வண்டி எண்கள் அந்த வகுப்பின் அடையாளம். 1964இல் ஓடத் தொடங்கி இன்றும் இந்த வழியே பெங்களூர் போகும் பிருந்தாவனும் அதில் ஒன்று. மங்களூர் மெயில், திருவனந்தபுரம் மெயில் என்று தபால் பையின் பெயரைச் சுமப்பவையும் சூப்பர் ஃபாஸ்ட் வரிசையில் இருக்கின்றன. 55 என்பது இன்றைக்குப் பெரிய எண் இல்லை. அதையும் சில வண்டிகள் தொடாமலே கூடுதல் கட்டணம் வாங்கின என்று 2017இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டியது. எண்ணைக் கட்டிய பிறகு அதற்கு நேர்மையாக இருக்க வேண்டும். பணம் கொடுத்து அந்தச் சொல்லை வாங்கும் பயணிக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 2018இல் கட்டி முடித்த ‘டிரெயின் 18’ சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது. வந்தே பாரத் என்று பெயர் பெற்ற அந்த வகை வண்டி 2022 நவம்பரில் சென்னை மைசூரு தடத்தில் ஓடத் தொடங்கியது.

லோக்கலில் ஃபாஸ்ட்டுக்கு வேறொரு வாழ்வு. 1979 நவம்பரில் சென்ட்ரல் திருவள்ளூர்ப் பாதை மின்மயமான பிறகு மின்சார வண்டிகள் பெருகின. சில நிறுத்தங்களைத் தாண்டிப் போவது ஃபாஸ்ட், எல்லாவற்றிலும் நிற்பது ஸ்லோ. இரண்டுக்கும் ஒரே வகைப் பெட்டி, ஒரே மோட்டார். நிற்காமையே இங்கே வேகம். “ஃபாஸ்ட்ட வுட்டுட்டேன்”, “ஃபாஸ்ட்டு வந்தா ஏறிடு”, “ஆவடில எறங்கி ஃபாஸ்ட் புடிச்சுக்கோ” என்று அது ஒரு வண்டியின் பெயராகவே நிலைத்து, தமிழ் வேற்றுமை உருபுகளை இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

நிலையத்துக்கு வெளியே வெளிவட்டச் சாலை. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை முதற்கட்டம், நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரை இரண்டாம் கட்டம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதில் தெற்கே போய் நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூரில் சுங்கச்சாவடி வரும். முகப்புக் கண்ணாடியின் உட்புறம் நடுவில், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும்: ஃபாஸ்டாக். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். சாவடியின் மேலிருக்கும் கருவி அதை ரேடியோ அலையால் படித்துக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள, தடுப்புக் கம்பம் எழும்பும். அந்த வில்லையை ஒரு வண்டியிலிருந்து உரித்து இன்னொரு வண்டியில் ஒட்ட முடியாது. உரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்து வில்லை செத்துப்போகும்படி செய்திருக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்து, ஒட்டும் பக்கத்தின் தாளை உரித்து, காற்றுக்குமிழி இல்லாமல் கட்டைவிரலால் அழுத்திவிட்டால் அது அங்கேயே ஃபாஸ்ட், வண்டியும் ஃபாஸ்ட்.